சாந்திநிகேதனத்து வசந்த விழா: மாணவர் கையில் மலர்ந்த ஒரு திருநாளின் வரலாறு

வசந்தம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நம் நாட்டுத் திருக்கோயில்களில் வசந்த மண்டபம் என்று ஓரிடம் உண்டு. மகோற்சவ காலங்களில் எழுந்தருளி மூர்த்தி அங்கே அலங்காரத்தோடு வீற்றிருக்க, வசந்த மண்டபப் பூசை நிறைவெய்திய பின்னரே சுவாமி வீதியுலாப் புறப்படுவார். நம் தீவில் மேனாட்டார் கூறும் வசந்த காலம் இல்லை. ஆயினும் இறைவன் வீற்றிருக்கும் இடத்திற்கு அப்பருவத்தின் பெயரையே நம் முன்னோர் சூட்டினர். மலையகத் தோட்டங்களிலோ, மாசித் திங்களில் வாலிபர் ஒன்றுகூடிக் காமன் கூத்து ஆடுகின்றனர். பருவத்தையும் பக்தியையும் பிணைத்து விழா எடுத்தல் நம் இரத்தத்தில் ஊறிய வழக்கம் எனலாம்.

விழாக்களைப் பற்றி நம் சங்கங்களில் அடிக்கடி ஒரு வினா எழுவதுண்டு. விழா யாருக்கு உரியது? அதை முன்னின்று நடத்தும் இளைஞருக்கா, அவரை வழிநடத்தும் பெரியோருக்கா, அன்றிக் கூடிநின்று பார்ப்போருக்கா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குப் பெரிதும் பயன்படும் வரலாறு ஒன்று வங்க நாட்டில் உண்டு. அது சாந்திநிகேதனத்தில், விசுவபாரதிப் பல்கலைக்கழக வளாகத்தில், ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் வசந்த விழாவின் வரலாறு. அவ்விழாவைத் தொடக்கியவர் அறிஞரும் அல்லர், செல்வரும் அல்லர். பத்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவன்.

இடமும் நோக்கமும்

கல்கத்தாவிற்கு வடமேற்கே ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீற்றர் தொலைவில், வீரபூம் மாவட்டத்தில், போல்பூர் என்னும் ஊர் இருக்கின்றது. செம்மண் பரந்து, மழைநீர் அரித்த பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலம் அது. இரவீந்திரநாத் தாகூரின் தந்தையாராகிய மகரிஷி தேவேந்திரநாத் தாகூர், அவ்வழியே சென்றபோது அங்கு நின்ற ஏழிலைப்பாலை மரநிழலில் அமர்ந்து தியானம் செய்தார் என்பர். 1863இல் அவ்விடத்தில் இருபது பீகா நிலம் பெற்று ஒரு மனை கட்டுவித்தார். அம்மனைக்கு இட்ட பெயரே சாந்திநிகேதனம். அமைதியின் உறைவிடம் என்பது பொருள்.

1888இல் மகரிஷி எழுதிவைத்த தருமசாசனம் இவ்வரலாற்றில் முக்கியமானது. அவர் பிரம சமாஜத்தைச் சார்ந்தவர். ஆகவே உருவ வழிபாடு அங்கு நடைபெறலாகாது என்றும், புலால் மதுவாகியன ஆகாவென்றும், எச்சமயத்தையும் இகழ்ந்துரைத்தல் கூடாதென்றும், ஆண்டிற்கொருமுறை மக்கள் கூடும் ஒரு சந்தைத் திருவிழா நடைபெறல் வேண்டுமென்றும் அதில் விதித்தார். நாம் திருவுருவங்களை வைத்து வழிபடும் சைவர்கள். அவர் கொள்கை நம் கொள்கையன்று. ஆயினும் அவ்விதியின் விளைவொன்றை நாம் நோக்கல் வேண்டும். கோயில் விழா எடுக்கவியலாத அவ்விடத்தில் இளையோர் உள்ளத்து விழா வேட்கை வேறொரு வழியைத் தேடிற்று. மழையையும் பனியையும் தளிரையும் மலரையும் முன்னிட்டுப் பருவங்களுக்கே விழா எடுக்கும் வழக்கம் அங்கே தழைத்தது.

1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இரவீந்திரநாதர் அங்கே ஒரு பிரமசரிய ஆச்சிரமப் பள்ளியைத் தொடக்கினார். முதல் மாணவர் ஐவர். அவருள் ஒருவர் அவருடைய மூத்த மைந்தர் இரதீந்திரநாதர். வகுப்புக்கள் மரநிழலில் நடந்தன. பள்ளிச் செலவிற்குப் பொருள் போதாமையால் கவிஞரின் துணைவியார் மிருணாளினி தேவியார் தம் நகைகளையும் கொடுத்துதவினார். அவ்வம்மையார் பள்ளி தொடங்கி ஓராண்டு நிறையுமுன், 1902 நவம்பரில், இவ்வுலகை நீத்தார். அடுத்த ஆண்டு மகள் இரேணுகா மறைந்தாள். 1905இல் தந்தையார் மகரிஷியும் மறைந்தார். துயரின்மேல் துயரைத் தாங்கிக்கொண்டே கவிஞர் பள்ளியை வளர்த்தார்.

பத்து வயதுப் பாலகன்

கவிஞரின் இளைய மைந்தன் சமீந்திரநாதன் 1896 டிசம்பரில் பிறந்தவன். தாயை இழந்தபோது அவனுக்கு ஆறு வயது நிறையவில்லை. வீட்டார் அவனைச் சமீ என்று அழைப்பர். தந்தையாரின் பள்ளியிலே பிற மாணவரோடு மாணவனாய் வளர்ந்தவன்.

வங்கத்தில் கலைமகள் வழிபாடு, நம்மைப்போலப் புரட்டாதி நவராத்திரியிலன்றி, மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியிலே நடைபெறும். அதனை ஸ்ரீபஞ்சமி என்றும் வசந்த பஞ்சமி என்றும் வழங்குவர். வசந்தத்தின் வரவை அறிவிக்கும் நாளும் அதுவே. 1907ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாள் வந்தபோது, சமீந்திரனும் அவனோடு கற்ற சில சிறுவர்களும் சேர்ந்து பருவவிழா ஒன்றை நடத்தினர். சிலர் வசந்தமாகவும் சிலர் மழைக்காலமாகவும் வேறு சிலர் கூதிராகவும் வேடம் புனைந்து ஆடிப் பாடினர். பிற்காலத்தில் வசந்த உற்சவம் எனப் பெரும்பெயர் பெற்ற விழாவிற்கு வித்து இதுவே.

இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அச்சிறுவருக்கு அரங்கில்லை, செலவுப் பணமில்லை, பார்வையாளர் கூட்டமுமில்லை. சுற்றிலும் நின்ற மரங்களும் தம் வாயில் இருந்த பாடல்களுமே அவர்களது முதல். பெரியோர் செய்த உதவி யாதெனில், தடுக்காது விட்டதேயாம். தடுக்காது விடுதல் சிறு உதவியென்று எண்ணற்க. ஒழுங்கு கெடுமே, பாடம் கெடுமே என்று சொல்லி இளையோர் முயற்சியை முளையிலே கிள்ளிவிடும் பெரியோர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கின்றோம்!

தந்தையின் துயரும் கடமையும்

அதே ஆண்டு பூசை விடுமுறையிலே சமீந்திரன் தன் நண்பன் ஒருவனோடு பீகாரிலுள்ள முங்கேர் என்னும் ஊருக்குச் சென்றான். சென்ற இடத்தில் வாந்திபேதி கண்டது. செய்தியறிந்த கவிஞர் விரைந்து சென்றார். சிகிச்சை பயனளிக்கவில்லை. 1907 நவம்பரில், பதினொரு வயது நிறையுமுன்னரே, அப்பாலகன் கண்மூடினான். ஐந்தாண்டுகளுக்கு முன் தாய் மறைந்ததும் அதே நவம்பர்த் திங்களிலேயே.

அத்துயரைக் கவிஞர் எவ்வாறு தாங்கினார் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே உலகம் ஒருவாறு அறிந்தது. 1932இல் அவர் மகள் மீராவின் ஒரே மைந்தன் ஜெர்மனியில் இளவயதிலே இறந்தான். அப்போது மகளுக்கு ஆறுதல் கூறி எழுதிய கடிதத்தில் கவிஞர் சமீந்திரனை நினைவுகூர்ந்தார். அவன் மறைந்த மறுநாளிரவு புகையிரதத்தில் திரும்பி வருகையில், வானம் முழுதும் நிலவொளியில் மிதக்கக் கண்டதையும், எங்கும் எதுவும் குறைந்துபோன அடையாளமே இல்லாதிருந்ததையும் அதிலே குறித்தார். எல்லாம் அந்த முழுமைக்குள்ளேயே இருக்கின்றன, தாமும் அதற்குள்ளேயே இருப்பதால் செய்யவேண்டிய பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது என்பதே அக்கடிதத்தின் கருத்து.

மகன் தொடங்கிய விளையாட்டை அத்துடன் நிறுத்தியிருப்பின் அவரை யாரும் குறைகூறியிரார். மகனின் பெயரைச் சூட்டி நினைவு விழாவாக மாற்றியிருப்பினும் யாரும் குறைகூறியிரார். அவர் இரண்டையும் செய்யவில்லை. விழாவைப் பருவத்திற்கே விட்டார், மாணவரிடமே விட்டார். ஒரு தந்தை தன் மகனுக்குச் செய்த மேலான நினைவுக்கடன் இதுவன்றோ?

மறு ஆண்டே, 1908இல், அப்பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கென்று ‘சாரதோற்சவம்’ என்னும் கூதிர்கால நாடகத்தை எழுதிக் கொடுத்தார். கல்விக்கடலான க்ஷிதிமோகன் சேனர் ஆசிரியராக வந்து சேர்ந்ததும் அவ்வாண்டிலேயே. அந்நாடகத்தில், விடுமுறைக் களிப்பில் சிறுவர்கள் ஆடிப் பாடுகையில், ஒரு சிறுவன் மட்டும் இறந்துபோன தன் ஆசானின் கடனைத் தீர்ப்பதற்காக ஏடுகளைப் படியெடுத்துக்கொண்டு இருக்கின்றான். துறவிக்கோலத்தில் வந்த மன்னன் அவனருகே அமர்ந்து எழுத்து வேலையில் தானும் பங்குகொள்கின்றான். கடமையும் களிப்பும் பகையல்ல என்பதே அதன் உட்கருத்து. மகனை இழந்த மறு ஆண்டில் எழுதியது என்பதை அறிந்து நோக்குவோர்க்கு அதன் பொருள் இன்னும் ஆழமாகத் தோன்றும்.

விழா வளர்ந்த விதம்

அப்பள்ளியிலே மாணவர் தம்மைத் தாமே ஆளும் முறையும் வளர்ந்தது. தம்முள் தலைவரைத் தெரிந்தெடுத்தல், ஒழுங்கு தவறியோரைத் தாமே அமைத்த நீதிச்சபையில் விசாரித்தல் முதலிய பொறுப்புக்கள் மாணவரிடம் இருந்தன. விழா எடுப்பதும் அப்பொறுப்புக்களின் ஒரு பகுதியே.

இதற்கு உரம் சேர்த்த நிகழ்ச்சி ஒன்று 1915ஆம் ஆண்டு வசந்தத்திலே நடந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய காந்தியடிகள் சாந்திநிகேதனத்தில் தங்கியபோது, சமையல் செய்தலும் கூட்டிப் பெருக்குதலும் மலசலகூடம் துப்புரவாக்குதலும் ஆகிய வேலைகளைக் கூலியாட்களிடம் விடாமல் மாணவரும் ஆசிரியரும் தாமே செய்தல் வேண்டுமெனக் கூறினார். மார்ச்சு 10ஆந் திகதி அம்முயற்சி தொடங்கிற்று. முழுமையாக நெடுநாள் நிலைக்கவில்லையாயினும், ஆண்டுதோறும் மார்ச்சு 10ஆந் திகதியைக் காந்தி புண்ணிய நாளெனக் கொண்டு, பணியாளருக்கு ஓய்வளித்து மாணவரே அவ்வேலைகளைச் செய்யும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. வசந்த விழாவில் மலர்சூடும் கைகளும் காந்தி புண்ணிய நாளில் துடைப்பம் ஏந்தும் கைகளும் ஒன்றே. இப்பொருத்தத்தை நம் இளைஞர் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

அதே 1915இல் ‘பால்குனி’ என்னும் வசந்த நாடகம் சாந்திநிகேதனத்தில் அரங்கேறிற்று. முதுமை என்னும் கிழவனைப் பிடித்துவருவோம் என்று இளைஞர் கூட்டமொன்று புறப்படுகின்றது. குகைக்குட் சென்று தேடி வெளிக்கொணர்ந்தால், அங்கே நிற்பது கிழவனல்லன். என்றும் மாறாத இளமையே. மாரிக்காலத்தின் போர்வைக்குள் வசந்தம் ஒளிந்திருந்தது என்பது கருத்து. 1916 சனவரியில் அந்நாடகம் கல்கத்தாவில் மீண்டும் நடிக்கப்பட்டது. பாங்குரா மாவட்டத்துப் பஞ்சத்தால் வாடியோருக்குப் பொருள் சேர்த்தற்பொருட்டே அது நடைபெற்றது. கவிஞரே கண்ணிழந்த பாவுல் பாடகனாக வேடம் புனைந்தார். வசந்தத்தைப் பாடிய அரங்கு பசித்தோர்க்குச் சோறிட்டது.

1921 டிசம்பரில் அப்பள்ளியோடு விசுவபாரதி என்னும் உயர்கல்வி நிலையமும் முறைப்படி நிறுவப்பட்டது. 1951இல் இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தால் அது மத்திய பல்கலைக்கழகமாயிற்று. சிறுவர் விழா இவ்வாறு பல்கலைக்கழக விழாவாக வளர்ந்தது. நாளும் மாறிற்று. வசந்த பஞ்சமியிலிருந்து நகர்ந்து, பால்குன மாதத்து முழுமதி நாளாகிய தோல பூர்ணிமையோடு அது நிலைபெற்றது. அந்நாள் வங்க வைணவருக்கு இராதாகிருஷ்ணரை ஊஞ்சலில் எழுந்தருளச் செய்யும் நாள். 1486இல் சைதன்ய மகாப்பிரபு அவதரித்த நாளும் அதுவே. நம் பங்குனி உத்தரமும் சில ஆண்டுகளில் அதே முழுமதியோடு பொருந்தி வருவதுண்டு.

விழாவின் முறையை இங்குச் சுருக்கிக் கூறுவோம். விடியுமுன்னரே மாணவர் கூட்டமாகப் பாடிக்கொண்டு வளாகத்தை வலம் வருவர். மார்கழியில் திருவெம்பாவை பாடி வீதிவலம் வரும் நம் வழக்கத்தை இது நினைவூட்டும். காலையில் மாணவியர் மஞ்சட் சேலையும், மாணவர் வெண்ணிற உடையும் மஞ்சள் உத்தரீயமும் அணிந்து, கோலாட்டத்தோடு ஊர்வலமாக வருவர். தரையிலே அரிசிமாக் கோலம் பொலியும். இதனை அவர்கள் அல்பனா என்பர். கலாபவனத்தின் தலைவராய் விளங்கிய ஓவியர் நந்தலால் வசுவின் காலத்தில் இக்கோலக்கலை அங்கே புத்துயிர் பெற்றது. பாடலும் ஆடலும் முடிந்தபின் உலர்ந்த வண்ணப்பொடியைப் பெரியோரின் பாதத்தில் இட்டு வணங்கி, ஒத்தாரின் நெற்றியிலும் கன்னத்திலும் பூசி மகிழ்வர். வேறிடங்களில் நிகழும் ஹோலியைப்போல நிறநீரை வாரியிறைத்தலும் வழிப்போக்கரை வருத்துதலும் அவ்விழாவின் மரபன்று. மாலையில் நாட்டிய நாடகம் நடைபெறும்.

பெண்மக்கள் பலரறிய ஆடுதலை அக்காலத்து வங்கத்து உயர்குடியினர் ஏற்கவில்லை. 1926இல் ‘நடீர் பூஜா’ என்னும் நாடகத்தில் நந்தலால் வசுவின் மகள் கௌரி ஆடிய ஆட்டம், கலையை வழிபாடாகக் காட்டி அத்தடையைத் தளர்த்திற்று. வசந்த விழாவில் மாணவியர் மாணவரோடு ஒப்பாக நின்று ஆடுதற்கு வழி திறந்தவற்றுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறிப் பரதம் ஆடியது 1935இல் என்பதை ஒப்புநோக்கின் இதன் துணிவு விளங்கும்.

ஆடலரசனும் ஆறு பருவங்களும்

சைவராகிய நாம் மகிழ்தற்குரிய செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. 1927ஆம் ஆண்டு தோல பூர்ணிமைக்கெனக் கவிஞர் ஆக்கிய பாடல்நாடகத்தின் தலைவன் நடராசப் பெருமானே. ‘நடராஜ ரிதுரங்கசாலை’ என்பது அதன் பெயர். காலம் என்னும் அரங்கிலே இறைவன் ஆடுகின்றான்; பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வாட்டத்தின் அடிகளாய் வந்து செல்கின்றன; இதுவே அதன் கரு. உருவ வழிபாட்டை விலக்கிய சமாஜத்திலே பிறந்த கவிஞர், பருவமாற்றத்தின் உட்பொருளைக் காட்டுதற்குத் தில்லைக்கூத்தனின் திருக்கோலத்தையே நாடினார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அவன் ஆடலே என்று கொள்ளும் நமக்கு, இலை உதிர்தலும் தளிர் அரும்புதலும் ஒரே ஆடலின் இரு நிலைகள் என்பதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 1923இல், ‘வசந்தம்’ என்னும் பெயரோடு எழுதிய பாடல்நாடகத்தைக் கவிஞர் யாருக்கு உரிமையாக்கினார் என்பதும் அறியத்தக்கது. ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதியமைக்காக அப்போது சிறையில் இருந்த இளங்கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமுக்கே அதனை உரிமையாக்கினார். சமயம் வேறு, வயது வேறு. ஆயினும் சிறைப்பட்ட வாலிபனுக்கு வசந்தத்தைப் பரிசளித்தார் அப்பெரியார்.

இலங்கைத் தொடர்பு

நம் நாட்டிற்கும் சாந்திநிகேதனத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. தாகூர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தார். 1934ஆம் ஆண்டு வருகையில் மாணவ மாணவியர் அடங்கிய குழுவையும் அழைத்து வந்து ‘சாபமோசனம்’ என்னும் நாட்டிய நாடகத்தைக் கொழும்பில் நிகழ்த்தினார். யாழ்ப்பாணத்திற்கும் வருகை தந்தார். அவ்வருகையின்போதே ஹொறணையில் வில்மட் பெரேரா நிறுவிய ஸ்ரீபாலி கலைநிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். நம் நாட்டுத் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன், நாடகப் பேரறிஞர் எதிரிவீர சரச்சந்திர, நடனமேதை சித்திரசேன ஆகியோர் சாந்திநிகேதனத்திற்குச் சென்று பயின்றவர்கள். அங்கிருந்து சாந்திதேவ கோஷ் இலங்கை வந்து கண்டிய நடனம் கற்றுச் சென்றார். சிறுவர் தொடக்கிய விழாக்களின் அரங்கிலே வளர்ந்த கலைமரபு கடல்கடந்து நம் கலையையும் தொட்டது.

கூட்டமும் குறையும்

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதியையும் மறையாது கூறுதல் முறை. விழாவின் புகழ் பரவப் பரவப் பார்வையாளர் கூட்டம் பெருகிற்று. கௌர பிராங்கணம் என்னும் முற்றத்தில் நடந்த விழாவை இடம் போதாமையால் பரந்த ஆசிரம மைதானத்திற்கு மாற்ற நேர்ந்தது. விடுதிகள் நிறைந்தன, வாகனங்கள் வழிகளை அடைத்தன. மாணவர் பாடுவதைக் கேட்க வந்தவரினும் வண்ணம் பூசிப் படம் எடுக்க வந்தவரே மிகுந்தனர்.

இதனினும் வருந்தத்தக்கது பலாச மரங்களுக்கு நேர்ந்த கதி. புரசு என்றும் நம்மவர் சொல்லும் அம்மரம், வசந்தத்தில் இலை உதிர்த்துத் தீக்கொழுந்து போன்ற செம்மலர்களால் மூடப்பெறும். உதிர்ந்த பூவைப் பொறுக்கிச் சூடுதல் பழைய வழக்கம். கூட்டம் பெருகியபின், மாலைகட்டி விற்பதற்காகக் கிளைகளையே முறிக்கலாயினர். வசந்தத்தை வணங்க வந்தவர் கையாலேயே வசந்தத்தின் மரம் மொட்டையாயிற்று. பூவைப் பறிக்காதீர், கிளையை முறிக்காதீர் என்று மாணவரும் இயற்கை அன்பரும் வேண்டிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றின் அச்சத்தால் விழா கைவிடப்பட்டது. அதன்பின்னர் வெளியாரை அழைக்காமல், பல்கலைக்கழகத்தார் மட்டும் கூடி நடத்தும் எளிய விழாவாக அது மீண்டது. 2023இல் தோல பூர்ணிமைக்கு முன்னரே வேறொரு நாளில், வசந்த வந்தனம் என்னும் பெயரோடு நடைபெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கதவை அடைத்தமை சரியா என்பதில் இரு கருத்துக்கள் உள. எல்லாரையும் அழைப்பதே கவிஞரின் உள்ளம் என்பர் ஒரு சாரார். விழாவால் பிழைப்பு நடத்திய சிறு வியாபாரிகளின் நிலை என்னாவது என்றும் வினவுவர். மாணவரின் விழா மாணவருக்கே மீண்டது என்பர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. நம் எண்ணம் யாதெனில், திறந்த கதவே மேலானது. ஆயின் உள்ளே நுழைவோர் விருந்தினராக நுழைதல் வேண்டும். விருந்தினர் வீட்டுக்காரரைப் புறந்தள்ளும் நாளில், கதவை ஒருகாற் சாத்திவைத்து வீட்டைக் கூட்டித் துப்புரவாக்குதல் குற்றமாகாது.

நாம் கொள்ளத்தக்கது

வாலிப அன்பர்களே, மேலே எழுப்பிய வினாவிற்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. விழா செய்பவருக்கு உரியது. சமீந்திரனிடம் பொருளில்லை, ஆயினும் விழா அவனுடையதாயிற்று. பிற்காலத்தில் வந்து குவிந்த பெருங்கூட்டத்தில் பொருள் படைத்தோர் பலர் இருந்தும் விழா அவர்களுடையதாகவில்லை. நம் சங்க விழாக்களை எண்ணிப் பார்ப்போம். சோடனைக்கு ஓர் ஒப்பந்தகாரர், பாட்டிற்கு ஓர் இசைக்குழு, உணவிற்கு வேறொருவர் என்று பணங்கொடுத்து ஒப்படைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதோடு நம் பங்கு முடிந்துவிடுமாயின், அது நாம் வாங்கிய காட்சியேயன்றி நாம் எடுத்த விழாவன்று. மாவிலைத் தோரணம் கட்டத் தெரியாத வாலிபனும், தேவாரம் ஒன்றைப் பண்ணோடு பாடத் தெரியாத கன்னியும் வளரும் சங்கத்தில் எத்துணைப் பெரிய விழா நடந்தும் என்ன பயன்? பேராதனைப் பல்கலைக்கழகக் குன்றிலே குறிஞ்சிக் குமரன் ஆலயம் விளங்குகின்றது. அங்கு வழிபாட்டிலும் விழாவிலும் இந்து மாணவர் சங்கத்தார் கொண்ட பங்கை நாம் அறிவோம். இளைஞரால் இயலாது என்பார்க்கு அது தக்க மறுமொழியாகும்.

பெரியோர்களிடம் பணிவோடு ஒரு விண்ணப்பம். இளையோர் விழா எடுக்க முனையும்போது சிறு பிழைகள் நேரும். தோரணம் சாயும், தாளம் தவறும், வந்தோரை வரவேற்பதில் குறை நிகழும். அவற்றைப் பொறுத்தருள்க. தலைமையுரையும் தீர்மானமும் உங்களுக்கு, கதிரை சுமத்தலும் பந்தல் பிரித்தலும் அவர்களுக்கு என்று பிரித்துவிடற்க. உலகம் போற்றிய கவிஞர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனின் விளையாட்டைத் தம் கல்விநிலையத்தின் நிலையான மரபாக ஏற்றார். அவனுக்கு அதனை வளர்க்க ஆயுள் இல்லாதபோது, அதனை அவனொத்த மற்றைச் சிறுவரிடம் ஒப்படைத்தார்.

சமீந்திரன் கண்டது ஒரேயொரு வசந்த விழா. அவன் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும், செம்மண் நிலத்தில் பலாசம் பூக்கும்போதெல்லாம் புதிய மாணவர் மஞ்சள் உடுத்துப் பாடிக்கொண்டு வருகின்றனர். அவருட் பலர் அவன் பெயரை நினைப்பதும் இல்லாதிருக்கலாம். அதனால் குறைவொன்றுமில்லை. தொடங்கியவன் பெயர் மறைந்தும் தொடக்கிய காரியம் தழைத்து நிற்பதே தொண்டின் உயர்ந்த நிலை என்பது நம் சமயப் பெரியோர் காட்டிய நெறியன்றோ? அந்நெறியில் நம் இளைஞரும் தம் கையால் ஒரு விழாவேனும் எடுப்பாராக. பெரியோர் அருகிருந்து வாழ்த்துவாராக. ஆடலரசன் திருவருள் இருசாரார்க்கும் துணைநிற்பதாக.